தொட்டதும் வெளுத்த பெயர்

கட்டை விரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டுவதற்காகச் சின்னராசு பழைய வேட்டியின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு வந்தபோது, பூஜா அப்பாவின் இடது கையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். கை வரவில்லை. முழங்கையில் மடங்கியது மடங்கியபடியே நின்றது. உயிரோடு இருந்தபோதே நீள மாட்டேன் என்று அடம்பிடித்த கை, இப்போது மட்டும் சொன்ன பேச்சைக் கேட்குமா?

“அழுத்தாத பூஜா. துணிய நீட்டமா கிழிக்கிறேன். எட்டுற எடத்துல கட்டிக்கலாம்,” என்றார் சின்னராசு.

சின்னராசு, பூஜாவின் அப்பா ஜீவானந்தத்தின் அண்ணன். விடிந்ததிலிருந்து வாய் ஓயாமல் ஆட்களை ஏவிக்கொண்டிருந்தார். துக்கத்தை அவர் அப்படித்தான் சமாளிப்பார். குழி வெட்ட ஆள் அனுப்பினார், பாடைக்கு மூங்கில் வெட்ட ஆள் அனுப்பினார், மாலை வாங்கக் காவலூருக்கு ஒருவனை விரட்டினார். அனுப்ப ஆள் தீர்ந்துபோனதும் தானே வேட்டியைக் கிழிக்க ஆரம்பித்துவிட்டார்.

ஜீவானந்தம் விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்து, நெஞ்சைத் தடவிக்கொண்டு, மழை விட்டுவிட்டதா என்று கேட்டிருக்கிறார். அவர் மனைவி கலைவாணி கதவைத் திறந்து பார்த்துவிட்டு, விட்டுவிட்டது என்று சொல்லத் திரும்பினாள். கேட்ட ஆள் இல்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிற வேலையைக்கூட அவர் யாருக்கும் வைக்கவில்லை. லீவுக்கு வந்து உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்த மகளை அம்மாவின் குரல்தான் எழுப்பியது.

முந்தைய நாள் மாலை பெய்ததுதான் இந்த வருடத்தின் முதல் உருப்படியான மழை. போன வருடம் சாமை பூவிலேயே கருகிப்போய், மலையில் பாதி வீடுகள் விதைக்கு வைத்திருந்ததையும் குத்திக் கஞ்சி காய்ச்சிவிட்டன. இப்போது மண் நனைந்திருக்கிறது, போட விதை இல்லை. காவலூர் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் மலை விவசாயிகள் சேர்ந்து நடத்தும் விதைக் கிடங்கு ஒன்று உண்டு. ஜீவானந்தம் அதன் செயலாளர். வெளியிலிருந்து வரும் விதை எல்லோருக்கும் ஒரே தடவையில் போதாது. முதல் லாரி இப்போது, அடுத்தது எப்போதோ. முதல் லாரி எந்தெந்த வீட்டுக்கு என்று பொறுக்கியெடுக்கும் வேலையைக் கூட்டத்தில் அவர் தலையில் கட்டினார்கள். அவர் வீடு வீடாகப் போய் விதைப் பானையைத் திறந்து பார்த்தார். பானை காலியாக இருக்கும் வீட்டுக்கு முதல் லாரி. எதற்குமே சேர்ந்து தலையாட்டாத ஊர் இதற்குத் தலையாட்டியது.

கிடங்குக் கம்ப்யூட்டரில் ஓடும் புரோகிராமை எழுதியது பூஜா. அவள் திருப்பத்தூரில், கடைகளுக்கு பில் போடும் சாப்ட்வேர் எழுதித் தரும் சின்னக் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறாள். கிடங்குக்கு எழுதியதும் பெரிய வித்தை ஒன்றுமில்லை. திறந்தால் கட்டம் கட்டமாக ஒரு பட்டியல் வரும்; ஒரு வரிக்கு ஒரு குடும்பம். ஒரு பெயரின் மேல் தட்டினால் அந்த வரி முழுக்க நீலமாகும்; அந்த வீட்டுக்கு முதல் லாரியில் விதை உண்டு என்று அர்த்தம். இன்னொரு பெயரைத் தட்டினால் முதல் வரியின் நீலம் போய்விடும். இரண்டும் நீலமாக நிற்க வேண்டுமென்றால் ஒரு கையால் கண்ட்ரோல் பட்டனை அழுத்திக்கொண்டே மறு கையால் மவுஸைத் தட்ட வேண்டும். உலகம் முழுக்க அப்படித்தான். ஏனென்றால் உலகம் முழுக்க ரெண்டு கை இருக்கிறது.

ஜீவானந்தத்துக்கு ஒன்றுதான். புளி உலுக்க ஏறிய இடத்தில் கிளை முறிந்து விழுந்ததில், பூஜா பிறப்பதற்கு முன்பே இடது கை செத்துப்போனது. ஒரு சனிக்கிழமை அவள் கிடங்குக்குப் போனபோது கண்ட்ரோல் பட்டனின் மேல் வழவழப்பான கூழாங்கல் ஒன்று உட்கார்ந்திருந்தது.

“இன்னாப்பா இது?”

“அதுதான் என் லெஃப்ட் ஹேண்டு. என்னா ஒண்ணு, அப்பப்போ வழுக்கி வுழுந்துடுது. அது வுழுந்தா அதுவரைக்கும் தட்டுனது மொத்தமும் காலி. திரும்ப மொதல்லேர்ந்து.”

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கேயே உட்கார்ந்து மாற்றி எழுதினாள். இனிமேல் ஒரு தட்டு தட்டினால் வரி எரியும், அதே வரியை மறுபடி தட்டினால் அணையும். மற்ற வரிகள் எதற்கும் அசையாது. நீலத்தில் எழுத்து கண்ணுக்குப் பிடிபடவில்லை என்று அவர் சொன்னதால் மஞ்சள் வைத்தாள். கை தவறித் தட்டிவிட்டாலும் பயமில்லை. ‘சேமி’ என்று அழுத்தாத வரைக்கும் எதுவும் உள்ளே தங்காது. மூடிவிட்டுத் திறந்தால் கடைசியாகச் சேமித்தது அப்படியே வந்து நிற்கும். ஜீவானந்தம் நாலைந்து பெயர்களைத் தட்டிப் பார்த்தார். கல்லை எடுத்து ஜன்னலுக்கு வெளியே வீசினார். “இப்பத்தான்மா இது நம்ம பேச்சு கேக்குற மிசினு,” என்றார்.

நேற்று மாலை முழுக்க நனைந்து வீட்டுக்கு வந்தவர் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: “முடிச்சிட்டேன். லாரி வந்தா பாத்துப் பாத்துக் குடுக்க வேண்டியதுதான்.”

லாரி வந்துவிட்டது. பாத்துப் பாத்துக் குடுக்க வேண்டியவர் நடுவீட்டில் படுத்திருந்தார்.

லாரியைத் திருப்பி அனுப்ப முடியாது. சாவு விழுந்த அன்று ஊரில் யாரும் ஏர் பூட்ட மாட்டார்கள். ஆனால் விதை வாங்குவது ஏர் பூட்டுவது ஆகாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். கிடங்கில் மூட்டை இறக்கும் ரமேஷ் காலையிலேயே இங்கே வந்து காலில் விழுந்து அழுதுவிட்டு, தலைமுழுகிக்கொண்டு கிடங்கைத் திறக்கப் போனான். வீட்டுக்கு ஒருவராக அங்கே போய் வரிசையில் நின்றுவிட்டு, மற்றவர்கள் இங்கே இருந்தார்கள்.

வெயில் ஏறிய நேரத்தில் வாசலில் ஒப்பாரி மெலிந்தது. முதலில் பூஜா கவனிக்கவில்லை. பிறகு முழுசாக நின்றுவிட்டது. கிடங்குக்குப் போய்த் திரும்பிய பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள், அழவில்லை. ஒருவர் காதில் ஒருவர் எதையோ சொன்னார்கள். இதற்கு முன் கட்டிப்பிடித்து அழுத ஒருத்தி பூஜாவின் முகத்தைப் பார்க்காமல் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போனாள்.

சின்னராசு பின்வாசல் வழியாக உள்ளே வந்தார். அவரே குரலைத் தாழ்த்திப் பேசினார் என்றால் விஷயம் பெரிசு.

“குழி வெட்டிக்கினு இருந்தவனுங்க கடப்பாரைய அப்படியே போட்டுட்டுப் போயிட்டானுங்க.”

கலைவாணி தலை நிமிர்ந்தாள்.

“ஏன் பெரியப்பா?” என்றாள் பூஜா.

“இன்னாத்த சொல்றது. ரங்கனுக்கு விதை இல்லையாம். செல்லிக்கு இல்லையாம். இல்லாதப்பட்டவன் ஒருத்தனுக்கும் இல்லையாம். பானை நெறைய வச்சிருக்கிற பஞ்சாட்சரத்துக்கு மட்டும் டிராக்டர்ல ஏறுதாம். எல்லாம் ஜீவா வச்சிட்டுப் போனதுதான்னு ரமேஷு சொல்றானாம்.”

“அப்பா அப்படிப் பண்ண மாட்டாரு.”

“எனக்குத் தெரியாதா? ஊரு வாய எதால மூடுறது? அவன் எழுந்து வந்து சொல்வானா?”

இந்த ஊரில் குழி வெட்டத் தனி ஆள் கிடையாது. பங்காளிகள் கடப்பாரையைத் தொடக் கூடாது. மற்ற வீடுகளிலிருந்து ஆளுக்கொருவர் வந்து வெட்ட வேண்டும். யாரும் வராமல் பங்காளிகளே வெட்டிப் புதைத்த சாவு என்று ஒரு பெயர் வந்துவிட்டால், அது செத்தவனோடு போகாது. பிள்ளைகளின் கல்யாணப் பேச்சில்கூட வந்து உட்காரும். பூஜாவுக்கு அதைப் பற்றிக்கூட அவ்வளவு கவலை இல்லை. ஒவ்வொரு வீட்டுப் பானைக்குள்ளும் கைவிட்டுத் துழாவிவிட்டு வந்த மனுஷனைத் திருடன் என்று பேசிக்கொண்டே மண்ணள்ளிப் போடுவார்கள் என்பதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. காலையிலிருந்து வராத அழுகைக்குப் பதிலாக அவளுக்குக் கோபம் வந்தது.

அவள் வாசலுக்குப் போனாள். முருங்கை மரத்தடியில் செல்லி தனியாக உட்கார்ந்திருந்தாள். புருஷனை இழந்து, ஒற்றை ஆளாகக் கரட்டு நிலத்தில் மாரடிக்கிறவள். மற்றவர்கள் எழுந்து போன பிறகும் அவள் போகவில்லை.

“அத்த, உனக்கு விதை இல்லன்னு யாரு சொன்னது?”

“யாரு சொல்லணும் பாப்பா? நானே கண்ணால பாத்தேன்.” செல்லி மூக்கை உறிஞ்சினாள். “எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா எம் பேரு எப்படி இருக்கும்னு தெரியும், ரேஷன் கார்டுல பாத்துக்கீறேன். மொதல்ல மஞ்சளாத்தான் இருந்துச்சு. ரமேஷு, ‘இரு, செக் பண்ணிக்கிறேன்’னு அதும் மேல ஒரு தட்டு தட்டுனான். தட்டுனதும் வெளுத்துப் போச்சு. ‘உனக்கு இல்ல, நவுரு’ன்னுட்டான்.”

“தட்டுனதும் வெளுத்துச்சா?”

“எந் தலையெழுத்து அது. எனக்குன்னு வந்து எது தங்கியிருக்குது? நான் உங்கப்பன குத்தம் சொல்லல. முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருந்தாருன்னா நான் லைன்ல நின்னு அத்தினி பேரு எதுர அவமானப்பட்டிருக்க மாட்டேன். அவ்வளோதான்.”

பூஜாவுக்கு நடந்தது முழுக்கப் புரிந்துவிட்டது. ரமேஷ் வந்தவர்களின் பெயரையெல்லாம் தட்டித் தட்டிப் பார்க்கிறான். மஞ்சளாக இருந்த பெயர் தட்டியதும் வெளுக்கிறது, இல்லை என்கிறான். வெள்ளையாக இருந்த பெயர் தட்டியதும் மஞ்சளாகிறது, உண்டு என்கிறான். பானை காலியான வீட்டுக்காரர்கள் வெறுங்கையோடு திரும்புகிறார்கள், நிறைந்தவர்கள் மூட்டை தூக்குகிறார்கள். அப்பாவின் ஒற்றைக் கைக்காக அவள் செய்த மாற்றம், இரண்டு கை உள்ளவன் கையில் போய் எல்லாவற்றையும் தலைகீழாகக் கவிழ்த்துக்கொண்டிருக்கிறது. அவன் மட்டும் ‘சேமி’யை அழுத்திவிட்டால் அப்பா வைத்துவிட்டுப் போனது அடியோடு அழிந்துவிடும். பிறகு யார் வந்து எதைச் சொன்னாலும் நம்ப நாதியில்லை.

போனை எடுத்துப் பார்த்தாள். ஊருக்குள் சிக்னல் கிடைக்காது என்பது தெரிந்தும் பார்த்தாள். வண்டிச் சாவியை எடுக்க உள்ளே போனவளைச் சின்னராசு மறித்தார்.

“எங்க கெளம்புற?”

“கிடங்குக்கு.”

“அறிவுகிறிவு இருக்குதா? பொணம் நடுவூட்டுல கெடக்குது, பெத்த பொண்ணு ஊரத் தாண்டுறதா? அதுவும் எங்க, விதைகிட்ட! தீட்டோட போயி நீ அங்க கால வச்சா ஒரு பய அந்த விதைய தொடுவானா? தொட்டாலும், நாளைக்கு மொளைக்கலைன்னா அந்தப் பழியும் உங்கப்பன் மேலதான் வுழும். வேற ஆள அனுப்பு.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் கஷ்டம்.

“வேற யாருக்குப் பெரியப்பா அது தெரியும்? எழுதுனது நானு, ஓட்டுனது அப்பா. வேற ஆளு கெடையாது.” அவள் சாவியை எடுத்துக்கொண்டாள். “உள்ள போவ மாட்டேன். வாசலுக்கு வெளியவே நிப்பேன். எதையும் தொட மாட்டேன். ஆனா போவேன்.”

“கலைவாணி, நீயாச்சும் சொல்லு!”

கலைவாணி காலையிலிருந்து அந்த இடத்தை விட்டு நகரவில்லை. புருஷனின் கால்மாட்டில் உட்கார்ந்து அவருடைய பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மகளை ஏறிட்டுப் பார்த்தாள்.

“போ,” என்றாள்.

வழக்கமாகச் சொல்லும் ‘போய்ட்டு வா’வைச் சாவு வீட்டில் சொல்லக் கூடாது. பூஜாவும் வருகிறேன் என்று சொல்லவில்லை. ஸ்கூட்டியைக் கிளப்பியபோது செல்லி ஓடிவந்து பின்னால் ஏறிக்கொண்டாள்.

“நீ எங்க அத்த?”

“எம் பேரு தானா வெளுத்துச்சா, அவன் வெளுக்க வச்சானான்னு நான் பாக்கோணும். ஓட்டு.”

மழையில் அரித்துப்போன மலைச் சாலையில் வண்டி குதித்துக் குதித்து இறங்கியது. பூஜாவின் மனதில் ஒரே கேள்விதான். அப்பா நேற்று ‘சேமி’யை அழுத்தினாரா? முடித்துவிட்டேன் என்று சொன்னார், சரி. ஆனால் அவர், பஸ் ஏறுவதற்கு முன்பே போனில் வந்துட்டேன் வந்துட்டேன் என்று சொல்கிற ஆள். சாப்பாட்டில் கை வைப்பதற்கு முன்பே சாப்பிட்டாச்சு என்பார். அவருடைய ‘முடிச்சிட்டேன்’ எந்த வகை ‘முடிச்சிட்டேன்’ என்று யாருக்குத் தெரியும்? அழுத்தியிருக்க வேண்டும் சாமி, அழுத்தியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே ஓட்டினாள்.

கிடங்கு வாசலில் கூட்டம் இருந்தது. பஞ்சாட்சரத்தின் டிராக்டர் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நிற்க, இரண்டு பேர் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சுவரோரமாக ரங்கனும் வேறு சிலரும் குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். கிளம்பிப் போகவும் மனமில்லை, கேட்கவும் வாயில்லை. பூஜாவைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

“அய்யய்யோ, ஜீவானந்தம் பொண்ணு! தீட்டு வூட்டுலேர்ந்து இங்க எங்கடி வர?” என்றது ஒரு குரல். கதவருகே நின்றவர்கள் பின்வாங்கினார்கள்.

பூஜா ரோட்டோரத்திலேயே வண்டியை நிறுத்தி, வாசல் கேட்டுக்கு வெளியே நின்றாள்.

“யாரும் நவுர வேணாம். நான் உள்ள வரல. ரமேஷ் அண்ணா! மவுசுலேர்ந்து கைய எடுங்க!”

ரமேஷ் நெருப்பைத் தொட்டவன் போல் கையை எடுத்தான். “நான் ஒண்ணும் பண்ணல பூஜா. அண்ணன் வச்சிட்டுப் போனபடிதான்...”

“சேமி தட்டிட்டீங்களா?”

“இன்னும் இல்ல. மொத்தமா முடிச்சிட்டு பிரிண்ட் எடுக்கறப்ப தட்டிக்கலாம்னு...”

பூஜா மூச்சு விட்டாள். “தட்டாதீங்க. டேபிளோட திருப்புங்க. டிவி மாதிரி எல்லாரும் பாக்குற மாதிரி வாசப் பக்கம் திருப்புங்க.”

இரண்டு பேர் சேர்ந்து மேஜையை இழுத்துத் திருப்பினார்கள். ஒயர் இழுபட்டு மின்விசிறி விழுந்தது, கம்ப்யூட்டர் அணையவில்லை. வாசலிலிருந்தே வரிகள் தெரிந்தன. சில மஞ்சளாகவும் சில வெள்ளையாகவும், பார்ப்பதற்கு எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

“செல்லி அத்த பேரத் தட்டுங்க.”

ரமேஷ் தட்டினான். வெள்ளை மஞ்சளாயிற்று. கூட்டம் சலசலத்தது.

“இன்னொரு தபா தட்டுங்க.”

மஞ்சள் வெள்ளையாயிற்று.

“பாத்தீங்களா? நீங்க தட்டத் தட்ட அது மாறும். சரியா தப்பான்னு அதுக்குத் தெரியாது.”

ரமேஷின் முகம் செத்துப்போயிற்று. “தட்டுனா உள்ள போயி பாத்துட்டு வந்து கரெக்டா சொல்லுதுன்னு நெனச்சேன் பூஜா. பில்லு போடுற கடையில எல்லாம் அப்படித்தானே, தட்டுனாதான் வெல சொல்லுது...”

“அது வேற அண்ணா. இது எங்கப்பாவுக்காக மாத்தி வச்சது. ரெண்டு கை இருந்தாத்தான் நாலு பேர சேத்துத் தட்ட முடியும்னு இருந்துச்சு. அவருக்கு ஒரு கைதான். அதனால, ஒரு தட்டு தட்டுனா எரியும், மறு தட்டு தட்டுனா அணையும்னு வச்சேன். உங்க மேல தப்பில்ல. யாரும் உங்களுக்குச் சொல்லிக் குடுக்கல.”

சுவரோரத்திலிருந்து ரங்கன் எழுந்தான். அவன் கையில் இன்னும் குழிமண் காய்ந்து ஒட்டியிருந்தது. “அதெல்லாம் சரி. இப்ப நீ வந்து, இவனத் தட்டு, அவனத் தட்டுன்னு சொல்லுவ. அதுதான் உங்கப்பன் வச்சதுன்னு நாங்க எப்படி நம்புறது?”

கேட்க வேண்டிய கேள்விதான். கேட்கும்போது அவன் கண்கள் கலங்கியிருந்ததையும் பூஜா பார்த்தாள்.

“நான் யாரு பேரையும் சொல்ல மாட்டேன் அண்ணா. நான் தொடவும் மாட்டேன். எங்கப்பா நேத்து வச்சிட்டுப் போனது உள்ள இருக்குது. மூடிட்டுத் தொறந்தா அதுவே வரும்.” சொல்லிவிட்டாள். வராவிட்டால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. வராவிட்டால் எல்லா வரியும் வெறும் வெள்ளையாக நிற்கும், அப்பாவின் பெயர் அதோடு போயிற்று. ஆனாலும் குரலை இறக்கவில்லை. “ரமேஷ் அண்ணா, மேல மூலையில பெருக்கல் குறி கீது பாருங்க, அத தட்டுங்க.”

திரையில் ஒரு பெட்டி வந்தது. ‘மாற்றங்களைச் சேமிக்கவா?’ கீழே ‘ஆம்’, ‘இல்லை’.

“இல்லன்னு தட்டுங்க. நல்லா பாத்து. இல்ல.”

கூட்டத்தில் ஒருவர் இருமினார். பக்கத்தில் இருந்தவர் அவரை அடக்கினார். ரமேஷ் இரண்டு கைகளாலும் மவுஸைப் பிடித்துக்கொண்டு ‘இல்லை’யைத் தட்டினான். பட்டியல் மறைந்தது.

“இப்ப திரும்பத் தொறங்க.”

பழைய கம்ப்யூட்டர். யோசித்தது. திரை வெறுமையாக நின்றது. செல்லி இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கவில்லை. தெருக்குழாயைத் திறந்து தலையைக் காட்டி, புடவையோடு முழுக்க நனைந்து சாவு வீட்டுத் தீட்டைக் கழித்துக்கொண்டு, சொட்டச் சொட்டக் கிடங்கு வாசலில் வந்து நின்றுவிட்டாள்.

பட்டியல் வந்தது. மஞ்சளோடு வந்தது.

படிக்கத் தெரிந்தவர்கள் உதட்டை அசைத்துப் பெயர் பெயராகப் படித்தார்கள். ரங்கன் மஞ்சள். செல்லி மஞ்சள். சுவரோரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து தங்கள் பெயரைத் தேடினார்கள். காலிப் பானை இருந்த வீடு ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. ஒற்றை விரலால் ஒவ்வொன்றாகத் தட்டி, மழைக்கு முன்னால் உட்கார்ந்து முடித்து, சேமித்தும் வைத்துவிட்டுத்தான் அப்பா நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறார். பூஜா கேட்டின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ரமேஷ் ஆர்வத்தில் திரையை நோக்கிக் கையை நீட்டினான்.

“டேய்!” என்று செல்லி அலறினாள். “தொடாதடா! கைய எடு! மறுபடியும் வெளுத்துப்புடும்!”

“ஜீவானந்தம் பேரு வெள்ளையாத்தானே கீது?” என்றார் ஒருவர்.

“எங்க வூட்டுல விதை கீது,” என்றாள் பூஜா.

எல்லோரும் பஞ்சாட்சரத்தைப் பார்த்தார்கள். அவர் டிராக்டர் சக்கரத்தை எட்டி ஒரு உதை விட்டார். “எங்க வூட்டுலயும்தான் கீது! எனக்குத் தெரியாதா? அவன்தான் வந்து பானைய தொறந்து பாத்துட்டு, ‘மாமா, நீ ரெண்டாவது லாரி’ன்னான். காலையில சும்மா வேடிக்க பாக்க வந்தேன், இந்த ரமேஷுப் பய உனக்கு மஞ்சன்னான். குடுக்கறத வோணாம்னா சொல்ல முடியும்?” அவர் கோபத்தோடு பேசிக்கொண்டே, ஆட்களை எதிர்பார்க்காமல் தானே ஒரு மூட்டையை முதுகில் ஏற்றிக் கொண்டுவந்து கிடங்குக்குள் போட்டார். அன்றைக்கு முதல் தடவையாக யாரோ சிரித்தார்கள். சிரித்ததும் வெட்கப்பட்டு நிறுத்தினார்கள்.

“ரமேஷ் அண்ணா,” என்றாள் பூஜா. “கண்ணால பாத்து மட்டும் குடுங்க. கை படக் கூடாது. மஞ்சள் முடிஞ்சதும் அப்படியே நிறுத்திடுங்க.”

“சரி பூஜா.” அவன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். “அண்ணன் போன அன்னிக்கே நான் இப்படிப் பண்ணிட்டேனே.”

“அழுவுறதுக்கு அப்பால நேரம் கீது. மொதல்ல குடுத்து முடிங்க.”

இன்னும் கொஞ்ச நேரம் நின்று அந்த மஞ்சள் வரிகளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் போல அவளுக்கு இருந்தது. அழுவது இங்கே வேண்டாம் என்று வண்டியைத் திருப்பினாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ரங்கன் மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே வந்தான். “எம் பங்கையும் நீயே வாங்கியாந்துடு,” என்று செல்லியிடம் சொல்லிவிட்டு, விதைக்குக்கூட நிற்காமல், குழிக்காட்டுக்குப் போகும் குறுக்குப் பாதையில் விறுவிறுவென்று நடந்தான்.

அவள் வீட்டுக்கு வந்து அம்மாவின் அருகில் உட்கார்ந்தாள். “மஞ்சளாத்தான் வச்சிருந்தாரும்மா. எல்லாருக்கும். சேமிச்சும் வச்சிட்டாரு.” கலைவாணி தலையை ஆட்டினாள். அப்புறம் புருஷனின் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததையெல்லாம் கொட்டி அழுதாள். பூஜாவும் அழுதாள். யார் தேற்றியும் கேட்கவில்லை.

உச்சி சாய்ந்த பிறகு பாடை தயாராயிற்று. மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள். குழி முடிந்துவிட்டது என்று ஆள் வந்து சொன்னான். உடம்பைக் குளிப்பாட்டி வாசலில் கிடத்தினார்கள். நெற்றியில் திருநீறு, கழுத்தில் காவலூர் மாலை. நீளமாகக் கிழித்த துணி, எட்டாத கையை எட்டிய இடத்தில் சேர்த்துக் கட்டியிருந்தது. சின்னராசு ஒரு தட்டில் அரிசியைக் குவித்து எடுத்து வந்து பூஜாவின் கையில் கொடுத்தார்.

“தலமாட்டுல நின்னுக்க. ஒவ்வொருத்தரா வருவாங்க. எடுத்து வாய்க்கரிசி போடட்டும்.”

கலைவாணி முதலில் போட்டாள். பூஜா போட்டாள். சின்னராசு போட்டார். அதற்குள் கிடங்குக்குப் போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்து வாசலை நிறைத்திருந்தார்கள்.

ஊர்க்காரர்களில் முன்னால் வந்தவள் செல்லி. புடவை இன்னும் முழுசாகக் காயவில்லை. பூஜா தட்டை நீட்டினாள். செல்லி தட்டைப் பார்க்கவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே கைப்பிடியளவு விதைச் சாமை, குத்தாதது, உமியோடு.

“இன்னா செல்லி இது?” சின்னராசு பதறினார். “விதைய போயி இங்க...”

“அண்ணன் குடுத்தது,” என்றாள் செல்லி.

சின்னராசு விலகி வழிவிட்டார்.

செல்லி மூன்று விரலால் சாமையை எடுத்து ஜீவானந்தத்தின் உதட்டில் போட்டுவிட்டு நகர்ந்தாள். அடுத்து ரங்கன் வந்தான். அவனும் தட்டைப் பார்க்காமல் வேட்டி மடிக்குள் கையை விட்டான். அவனுக்குப் பின்னால் நின்றவர்களும் முந்தானையையும் மடியையும் தடவிக்கொண்டிருந்தார்கள். பூஜா ஒவ்வொருவருக்கும் தட்டை நீட்டிக்கொண்டே நின்றாள். அரிசி குவித்தது குவித்தபடியே இருந்தது.